விளாஞ்சேனைக் குளத்தில் கால் கழுவிய கதை

தம்பியைக் காதைப் பிடித்து இழுத்துவரத்தான் நான் கடல் கடந்தேன். அப்பா சொல்லி அனுப்பிய வார்த்தை அதுதான். "காதப் புடிச்சு இழுத்துட்டு வா. வலது காதா இடது காதாங்கறது உன் இஷ்டம்" என்றார். தம்பி சுப்பிரமணியம் மூன்று வருஷமாக மட்டக்களப்புப் பக்கத்தில் விளாஞ்சேனை என்ற ஊரில் வாத்தியார் வேலை பார்த்தான். போன தைக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. கடிதம்தான் வந்தது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம், ஆசீர்வாதம் வேண்டுமாம். அப்பாவோ திருநெல்வேலியிலேயே அவனுக்குப் பெண் பேசி, ஆவணிக் கடைசியில் முகூர்த்தமும் குறித்துவிட்டார். இருபத்தாறு வயதுக்காரனின் காதை முப்பத்தைந்து வயதுக்காரன் எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே கப்பல் ஏறினேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. மட்டக்களப்புக்கு ரயில் போட்டும் அதிக காலம் ஆகவில்லை. விடிகிற நேரத்தில் நடுக்காட்டில் ரயில் நின்றது. கார்டு இறங்கி நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். என் எதிரில் துணிமூட்டைகளோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அதைத் தமிழாக்கினார். "யானை தண்ணி குடிக்கப் போகுதாம். அது போன மறுகாதான் நாம போவமாம்." எங்கள் ஊரில் கலெக்டருக்காக ரயில் காத்திருந்து பார்த்திருக்கிறேன். யானைக்காகக் காத்திருப்பதில் அதைவிடக் கொஞ்சம் கௌரவம் இருப்பதாக எனக்குப் பட்டது.

பெரியவர் ஏறாவூர்க்காரர். பெயர் மீராலெவ்வை, எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். ஊர் ஊராகச் சாரமும் சேலையும் விற்கிறவர். விளாஞ்சேனைக்குத்தான் அவரும் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் குறைந்தது. தம்பியை அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்றேன்.

"இப்பவா? குளம் வத்துற காலத்திலயா?" என்று கேட்டார் காக்கா. நடுப்பந்தியில் சாப்பிடுகிறவனை எழுப்பிக்கொண்டு போக வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். 

மட்டக்களப்பில் இறங்கி பஸ் பிடித்தோம். பஸ்ஸுக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. அது நின்ற இடத்திலெல்லாம் தேத்தண்ணிக் கடை இருந்தது. என்ஜினுக்கு ஒரு வாளித் தண்ணீர், டிரைவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி என்று முறை வைத்துக் குடித்துக்கொண்டே போனார்கள். பிறகு வாவியைக் கடக்க வேண்டும். இரண்டு தோணிகளை அருகருகே கட்டி மேலே பலகை போட்டிருந்தார்கள், அதில் நாங்களும் இரண்டு சைக்கிளும் ஓர் ஆடும் ஏறினோம். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று ரயிலில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் பாடவில்லை. நான் உட்கார்ந்த கூடைக்குள் இருந்த நண்டுதான் வேட்டி வழியாக என்னோடு பேசியது. மீதி தூரத்தை நின்றுகொண்டே கடந்தேன்.

விளாஞ்சேனையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மாமரத்தடியில் ஒருவன் சட்டையில்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மெல்லிய கம்புகளைக் கொடியால் வரிந்து கூடை பின்னிக்கொண்டிருந்தான். வாத்தியார் வீடு எது என்று கேட்டேன். நிமிர்ந்தான். என் தம்பி.

"அண்ணே" என்றான். ஓடிவந்து காலைத் தொட்டான். காதைப் பிடிக்க அதைவிட வசதியான சமயம் வாய்க்காது. ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறேன், கறுத்துப் போயிருந்தான், அழகாகவும் இருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காது தப்பித்தது.

சாப்பாடு அந்தப் பெண்ணின் வீட்டில். அவள் பெயர் கண்ணகை. அவளுடைய அப்பா வட்டவிதானை, அதாவது அந்த ஊர் வயற்பரப்புக்கும் குளத்துத் தண்ணீருக்கும் அதிகாரி. மதகு திறப்பதும் அவர் சொல்லித்தான், குளத்தில் மீனுக்கு இறங்குவதும் அவர் சொல்லித்தான். நல்ல உயரம், குறைந்த பேச்சு. மகளுக்கும் உயரம் அதேதான், பேச்சு மட்டும் தேவையான அளவு இருந்தது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். அது தெரிந்து எனக்குத் தனியாகச் சமைத்திருந்தாள். சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய்க் கறி, தேங்காய்ப் பால் சொதி, கத்தியால் வெட்டியெடுக்கிற மாதிரி எருமைத் தயிர். எல்லாவற்றையும்விடத் தேங்காய்ச் சம்பல். காரமும் புளிப்புமாக, அதற்குள் இன்னதென்று சொல்லமுடியாத ஒரு ருசி. மூன்று தடவை கேட்டு வாங்கினேன். காய்ந்த மரக்கட்டை மாதிரி ஒன்றை அவள் உரலில் இடித்துச் சேர்ப்பதை அடுக்களை வாசல் வழியாகப் பார்த்திருந்தேன். அது என்ன கட்டை என்று தம்பியிடம் கேட்டேன். "இந்த ஊர் மருந்து மாதிரிண்ணே. வாய்வுக்கு நல்லது" என்றான். எனக்கு வாய்வு உண்டு. நாலாம் தடவையும் வாங்கினேன்.

மறுநாள் காலை தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். பெண்ணை அனுப்பிவிட்டு அழுகிற வழக்கம் இவர்களுக்கு இல்லை, பையனின் வீட்டில்தான் அழுவார்கள் போலிருக்கிறது.  இந்தக் கல்யாணம் நடந்தால் தம்பி இனி எங்கள் வீட்டுக்கு விருந்தாளி.

"ஏல, அப்பாகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றேன்.

"குளம் முடியட்டும்ணே" என்றான். கூடையின் விளிம்பைக் கட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தான். கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையைப் போல இருந்தது, மேலே மட்டும் கை நுழைகிற ஒரு வாய். அதற்குப் பெயர் கரப்பு, குளம் வற்றும்போது மீன் பிடிக்க. ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரு கரப்பு தயாராகிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நேராக விதானையாரிடமே போனேன். வெள்ளிக்கிழமை ரயிலில் தம்பியை அழைத்துக்கொண்டு புறப்படுகிறேன், ஊரில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வார்த்தைகளை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.

"அதுக்கென்ன தம்பி, போகலாம்" என்றார் அவர். "நாளைக்குக் குளம். நம்மட குளத்தையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சண்டைக்குத் தயாராக வந்த எனக்குச் சப்பென்று போய்விட்டது.

புதன்கிழமை காலை குளத்துக்குப் போனோம். தம்பியும் மற்றவர்களும் முன்னே போய்விட, எனக்கு வழிகாட்டியாகக் கண்ணகை வந்தாள். எல்லோரும் வரப்பு வழியாகப் போனார்கள். அவள் என்னை எருமைகள் படுத்துப் புரளும் பள்ளத்தின் வழியாக அழைத்துப் போனாள். "இது குறுக்கு வழி அண்ணன்" என்றாள். குறுக்கு வழி முழங்கால் ஆழம் இருந்தது. அவள் ஓரமாக இருந்த கட்டைகளில் கால் வைத்துத் தாண்டிவிட்டாள். அந்தக் கட்டைகளை எனக்கு யாரும் காட்டவில்லை.

குளக்கட்டில் இருநூறு பேர் இருப்பார்கள். ஆண், பெண், கிழவர் எல்லோர் கையிலும் கரப்பு. ஆடி வெயிலில் தண்ணீர் சுண்டி, குளத்தின் நடுவில் மட்டும் இடுப்பளவு நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. காத்திருந்தவர்களில் ஒருவர்கூடத் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி, கோடு கிழித்த மாதிரி நின்றார்கள். மருத மரத்தடியில் விதானையார் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்கு ஒரு புதுப் பாய்.

"முதலை இருக்குமா?" என்று கேட்டேன்.

"சின்னது ரெண்டு இரிக்கு. அதுகளுக்கும் மீன்தான் வேணும்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

கண்ணகை என் கால்களைப் பார்த்தாள். "அண்ணன், காலைக் கழுவிப்போட்டு வாங்க. புதுப் பாய்" என்றாள்.

தாமிரவருணிக் கரையில் பிறந்தவன் நான். தண்ணீரைக் கண்டால் கால் கழுவுவது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, குளத்தில் வலது காலை வைத்தேன்.

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு இருநூறு தொண்டைகளிலிருந்தும் ஒரே கூச்சல். இருநூறு பேரும் என்மேல் பாய்ந்தார்கள் என்றுதான் நினைத்தேன். என்மேல் இல்லை, குளத்தில். என்னையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனார்கள். நிமிர்ந்தபோது நான் தொடையளவு தண்ணீரில் நின்றேன், அங்கவஸ்திரம் வேறு யாருடைய தலையிலோ போய்க்கொண்டிருந்தது. கரப்பை ஓங்கிச் சேற்றில் குத்துவது, உள்ளே முட்டுகிறதா என்று ஒரு கணம் கேட்பது, இல்லையென்றால் தூக்கி அடுத்த எட்டில் குத்துவது. சுற்றிலும் இதுதான். தம்பி எங்கிருந்தோ வந்து என் கையில் ஒரு கரப்பைத் திணித்தான். "சும்மா நிக்காதண்ணே, ஆள் மிதிச்சிருவான்" என்றான்.

மிதிபடாமல் இருக்கத்தான் குத்தினேன். ஐந்தாறு குத்துக்குப் பிறகு கரப்புக்குள் ஏதோ ஒன்று மடேரென்று இடித்தது. அந்த இடி என் இரண்டு கைகளிலும் ஏறித் தோள் வரை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதுவரை அனுபவித்த சந்தோஷங்களில் அதற்கு இணையாக ஒன்று ஞாபகம் வரவில்லை. மேல்வாயில் கையை விட்டேன். வழுவழுவென்று, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சல் எங்கள் குலத்தில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

உச்சி வெயிலில் எல்லோரும் கரையேறினார்கள். அப்போது விதானையார் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். "இந்தக் குளத்தில முதல் கால் ஆர் வைக்கிறாரோ அவருக்குத்தான் அந்த வருசக் குளம். இந்த வருசம் திருநெல்வேலித் தம்பிட கால். தினமும் அவர் கால் வைச்ச மறுகாதான் நாம இறங்கிற. குளம் முடியுமட்டும் அவர் ஊரெல்லை தாண்டப்படாது. தாண்டினா கார்த்திகை மழை வராது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நாலைந்து பேர் மரியாதைக்குத் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்து மூடினேன், குளத்து மீன்களைப் போல. மற்ற எதற்காவது வாதாடியிருப்பேன். மழை என்று சொல்லிவிட்டால் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்ன பேச முடியும். எத்தனை நாளில் குளம் முடியும் என்று மட்டும் கேட்டேன். பத்து, பன்னிரண்டு நாள் என்றார்கள்.

அன்று மாலையே தம்பியிடம், "சட்டம் எனக்குத்தாம்ல. நீ வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் போயிரு, நான் பின்னால வாரேன்" என்றேன்.

"உன்னைத் தனியா விட்டுட்டாண்ணே போவேன்? நல்லாருக்காது" என்றான். அவன் முகத்தில் இருந்த அண்ணன் பாசத்தைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.

துணி விற்று முடித்துப் பட்டணம் போகத் தோணி ஏறிய காக்காவிடம், காரணம் சொல்ல நேரமில்லாமல், அப்பாவுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். "தாமதமாகும். குளம் வற்றவில்லை." தபால்காரர் கொண்டுவந்த அப்பாவின் பதில் இரண்டே வார்த்தை. "எந்தக் குளம்."

முதல் கால் உத்தியோகம் இரண்டு நாளில் எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் நான் கோப்பி குடித்து முடிக்கும்வரை இருநூறு பேர் கரப்போடு காத்திருப்பார்கள். எங்கள் ஊரில் என் பேச்சுக்காக வண்டிமாடுகூட நின்றதில்லை. ஐந்தாம் நாள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். ஆறாம் நாள் தண்ணீருக்கு மேலே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, திடீரென்று ஏதோ யோசனை வந்தவனைப் போல நின்றேன். பின்னால் இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "வைங்க அண்ணன், எங்களுக்குக் கால் கடுக்குது" என்று கண்ணகையின் குரல் கேட்டது. வைத்தேன்.

தினமும் ஒரு பெரிய விரால் முதல் காலுக்கு என்று எடுத்து வைத்தார்கள். சாப்பிடாதவன் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அப்படி ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து பேசியதில் ஊரே பழகிவிட்டது. போன இடத்திலெல்லாம் தம்பியைப் பற்றித்தான் பேச்சு. காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணை அவன் தோணியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை மூன்று வீடுகளில் மூன்று விதமாகக் கேட்டேன். அவன் கடிதத்தில் அதையெல்லாம் எழுதியதே இல்லை. கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இவனை இங்கிருந்து பிடுங்கினால் வேரோடு மண்ணும் வரும்.

ஒன்பதாம் நாள், வாய்வுக்கு நல்லது என்று ஊருக்கு எடுத்துப்போக அந்த மருந்துக் கட்டையில் கொஞ்சம் கேட்டேன். கண்ணகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. "அது மாசி, அண்ணன்" என்றாள். "கடல் மீன். அவிச்சுக் காயவைச்சது."

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி கூரையைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து, வேளைக்கு நாலு தடவை. கோபம் தலைக்கேறியது. பத்தாம் நாள் சம்பல் இல்லாமல் சாப்பிட்டேன். பதினோராம் நாள், போனது போனதுதானே என்று மறுபடி கேட்டு வாங்கினேன். தம்பி குனிந்து சாப்பிட்டான்.

பன்னிரண்டாம் நாள் குளத்தில் சேறு மட்டும் மிஞ்சியது. கொக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டன, கரப்புகள் கூரையில் ஏறிவிட்டன. அன்றுதான் மீராலெவ்வைக் காக்கா பட்டணத்திலிருந்து அப்பாவின் அடுத்த தந்தியோடு வந்தார். அதைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு, முதல் கால் சட்டத்தையும், ஊரைத் தாண்டாமல் மழையைக் காப்பாற்றிக் கொடுத்ததையும் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். மூட்டையை இறக்கிய காக்கா அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர வர முதுகு குலுங்கச் சிரித்தார்.

"முதல் கால் சரிதான் தம்பி. ஒருத்தர் கால் வைச்சாத்தான் மத்தவங்க இறங்கிற, அது வழமை. ஆனா நான் எத்தனையோ வருசமா இஞ்ச வாறன், ஊரெல்லைச் சட்டத்த இண்டைக்குத்தான் கேக்கிறன். போன வருசம் முதல் கால் வைச்சது ஒரு எருமை. அண்டைக்குப் பின்னேரமே அத வித்து ஓட்டிப் போய்ட்டாங்க. மழை வெள்ளமாப் பெய்ஞ்சிச்சே."

எருமைக்கு இருந்த சுதந்திரம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. நேராகக் கண்ணகை வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மீன்களைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்பதற்குள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். எழுந்து கையைத் துடைத்தாள்.

"ஓம் அண்ணன், நான்தான்" என்றாள். "சேத்தில கூட்டிப் போனதும் நான்தான். சட்டமும் நான்தான் அப்பாக்குச் சொல்லிக் குடுத்த."

"இருநூறு பேரும் தலையாட்டுனாங்களே?"

"அப்பா சொன்னா ஆட்டுவாங்க. அவங்களுக்கு மீன் பங்குக்குப் போற அவசரம்."

எனக்கு உண்மையாகவே கோபம். "என் தம்பிய நிறுத்தி வைக்க என்னக் கட்டிப்போட்டியா?" என்று கேட்டேன்.

அவள் தலை குனியவில்லை. "உங்களத்தான் நிப்பாட்டின, அண்ணன். எங்க ஆரையும் ரெண்டு நாள் இருந்து பாக்காம, வந்த கையோட இழுத்துக்கிட்டுப் போகப்படாது எண்டுதான். அவருக்கு நான் ஒரு சட்டமும் போடல்ல. வெள்ளிக்கிழமை ரயிலும் இருந்திச்சு. நீங்களே போகச் சொன்னீங்களாம். அவர் போகல்ல." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. "போறார் எண்டா நான் கரப்ப வைச்சு மூடியா வைக்கிற?"

 அவள் சொன்னது சரி. பன்னிரண்டு நாளும் கட்டுண்டு கிடந்தவன் நான், கட்டே இல்லாமல் நின்றவன் அவன். அப்பா பிடிக்கச் சொன்ன காது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதைப் பிடித்து இழுக்க எனக்கு மனமில்லை என்பதும் தெரிந்துவிட்டது.  அப்பாவுக்கு இவளைத் தெரியாது, நானும் இரண்டு வாரத்துக்கு முன்னால் இவளைத் தெரியாதவன்தான்.

அங்கேயே தந்தியைப் பிரித்தேன். "நானே வருகிறேன்" என்று இருந்தது.

மாமரத்தடியில் தம்பி முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டான். விதானையார் மட்டும் தந்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மேற்கே கையைக் காட்டி, "பெரிய குளம் இன்னும் இறங்கல்ல. அது ஆவணி நடுவிலதான்" என்றார். கண்ணகை என்னைப் பார்த்தாள். நான் காகிதம் கேட்டேன்.

அப்பாவுக்கு அன்று எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இன்னும் இருக்கிறது. க்ஷேமம் விசாரித்துவிட்டு, ரயில் நடுக்காட்டில் நின்றால் பயப்பட வேண்டாம், யானை போனதும் கிளம்பும் என்று எழுதியிருக்கிறேன். தோணியில் கூடைமேல் உட்கார வேண்டாம் என்றும், தேங்காய்ச் சம்பல் வாய்வுக்கு நல்லது என்றும் எழுதியிருக்கிறேன். கடைசியில் இப்படி முடிகிறது:

"தாங்கள் வருகிற சமயம் இங்கே பெரிய குளத்தில் எல்லோரும் கூடியிருப்பார்கள். கண்ணகை என்ற பெண் தங்களைக் குறுக்கு வழியாகக் குளக்கரைக்கு அழைத்து வருவாள். வழியில் சேறு உண்டு. கரையில் தங்களுக்கென்று புதுப் பாய் விரித்திருப்போம். உட்காருவதற்கு முன்னால், மறக்காமல், குளத்தில் கால் கழுவிக்கொள்ளுங்கள்."